என் கணவர் இலங்கையில் இருந்த ஆண்டுகளில் நான் வீட்டை நடத்திய விதம்

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் பருத்திக்கு நிலத்தைப் பதப்படுத்திக்கொண்டிருந்த எங்கள் குடும்பத்துக்கு அது எங்கோ நடக்கிற அரசியல் செய்தியாகத்தான் பட்டது. என் கணவர் அப்போது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் ஹவில்தார். பாலம் போடுவது, பாதை அமைப்பது, புதைத்து வைத்த கண்ணிவெடிகளைத் தேடி எடுப்பது ஆகியவை அந்தப் பிரிவின் வேலைகள். இந்திய அமைதி காக்கும் படையோடு இலங்கைக்குப் போவதற்கு முன் ஆகஸ்டில் சில நாள் லீவில் வந்தவர், "அமைதி காக்கிற வேலைதான், சண்டை எல்லாம் இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் விடுதலைப் புலிகளோடு சண்டை தொடங்கிவிட்டது என்பதை ஊரில் எல்லோரையும் போல நானும் வானொலியில்தான் கேட்டேன். அப்போது எங்கள் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு மூன்று.

எங்கள் பகுதியில் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊர் குறைவு. இன்றும் தெற்கு சூடான், காங்கோ, லெபனான் என்று ஐ.நா. அமைதிப் பணிக்குப் போகிறவர்களின் மனைவிமார் சிலர் என்னிடம் வந்து, அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கணவர் கிளம்புவதற்கு முன்பே வீட்டுக் காகிதங்களும் பணமும் முடிவெடுக்கும் உரிமையும் மனைவியின் கைக்கு முழுமையாக வந்துவிட வேண்டும். தைரியமாக இரு என்று வாயால் சொல்லிவிட்டுப் போவதால் எந்தப் பெண்ணுக்கும் தைரியம் வந்துவிடாது. என் பெயர் போட்ட பாஸ்புக் என் பெட்டியில் இருந்ததுதான் எனக்குத் தைரியமாக இருந்தது.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் மாமியார். என் மாமனாரும் சாப்பராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனைக்குப் போய்த் திரும்பியவர். அந்த ஆண்டுகளில் அவர் அனுப்பிய பணமெல்லாம் அவருடைய பெரியப்பா பெயருக்கே வந்தது. புதுப் பெண்ணாக வந்திருந்த என் மாமியார், தலைக்கு எண்ணெய் வாங்குவதற்குக்கூடப் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் போய் நிற்க வேண்டியிருந்தது. அட்டையில் எழுதி வந்த கடிதங்களைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொல்லும்போது அங்கே ஊரே உட்கார்ந்திருக்குமாம். அதனால் 1987 ஆகஸ்டில் என் கணவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஏப்பா, பணம் அவ பேருக்கே வரட்டும். நான் கையேந்துன மாதிரி இவ ஏந்தக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். மகன் சம்பளத்தைத் தன் பெயருக்குக் கேட்காமல் மருமகள் பெயருக்கு எழுதச் சொன்ன மாமியாரை எங்கள் ஊரில் அப்போது வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

முதலில் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன். பட்டாளத்தில் ஒருவருக்குக் கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் அது பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவில் வெளியாக வேண்டும். அப்படி வெளியானால்தான், வீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸைப் பொறுத்தவரை அந்த மனைவியும் அந்தக் குழந்தையும் இருக்கிறார்கள் என்று பொருள். கிண்ட்ரட் ரோல் என்ற தாளில் குடும்பத்தில் யார் யார், அவர்களின் பெயர், வயது, உறவு எல்லாம் இருக்கும். காப்பீட்டுக்கு நாமினி யார், சேமநல நிதிக்கு நாமினி யார் என்பது தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவராக இருந்தால் பெரும்பாலும் அம்மா பெயரோ அண்ணன் பெயரோதான் இருக்கும், பிறகு யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். என் கணவரின் தாள்களில் மகன் பிறந்தது சேர்ந்திருந்தது. ஆனால் நாமினி இடத்தில் கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயரே இருந்தது. கிளம்புவதற்கு முன்பே அதை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டு, மாற்றியதற்கான நகலையும் பிறகு எனக்கு அனுப்பி வைத்தார். அந்த நகலைக் கையில் பார்த்த பிறகுதான் மாமியாருக்கு நிம்மதி வந்தது.

சாவைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும், அபசகுனம் என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணின் கணவர் அந்தச் சண்டையில் இறந்தார். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, குலதெய்வத்தின் பெயர் ஒன்று. ரேஷன் அட்டையில் ஒரு பெயரும் பட்டாளத்துக் காகிதத்தில் மற்றொரு பெயருமாக இருந்தது. இரண்டும் ஒரே பெண் என்று நிரூபிப்பதற்குள், துக்கத்தில் கிடந்த அந்தப் பெண் கைக்குழந்தையோடு தாசில்தார் அலுவலகத்துக்கும் நோட்டரியிடமும் வங்கிக்கும் மாறி மாறி அலைந்தாள். போரில் இறந்தவரின் மனைவிக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியத்தைவிடக் கூடுதலான ஓய்வூதியம் உண்டு. உரியது அது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒரு பெயரில் இருந்த வித்தியாசம் அதைப் பல மாதம் நிறுத்தி வைத்தது. இன்று ரேஷன் அட்டையோடு ஆதார், பான், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்துவிட்டதால் ஒரு பெயர் நாலு விதமாக எழுதப்பட்டிருக்க வாய்ப்பு இன்னும் அதிகம். இன்ஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். கணவர் பெயர் ஒன்றில், அப்பா பெயர் ஒன்றில் என்று இருக்கும். எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு சாயங்காலம் போதும்.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் பத்திரம், பட்டா, தீர்வை ரசீதுகள், கல்யாணப் பத்திரிகை, அவருடைய சம்பளத் தாள்கள் என எல்லாம் இருந்தன. பெட்டி மூடியின் உட்புறத்தில் அவருடைய படை எண், ரேங்க், முழுப்பெயர், பிரிவு, ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் முகவரி ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி ஒட்டினேன். என் மகளுக்கு அந்த எண் மனப்பாடம். பட்டாளத்து அலுவலகம் எதுவானாலும் அங்கே முதலில் கேட்பது பெயரை அல்ல, எண்ணைத்தான். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள்.

பணம் பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை மணியார்டராக வந்தது. சம்பளத்திலிருந்து ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு நேராக அனுப்பும் அந்த ஏற்பாட்டுக்கு ஃபேமிலி அலாட்மென்ட் என்று பெயர். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுக்கும்போதே தெருவில் பாதிப் பேருக்குத் தொகை தெரிந்துவிடும். அன்று சாயங்காலமே கைமாற்றுக் கேட்டு ஆள் வரும். எல்லாம் சொந்தக்காரர்கள், இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாதவர்கள். நான் பணம் வந்த மறுநாள் காலையிலேயே டி. கல்லுப்பட்டிக்குப் போய், செலவுக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைத் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் கட்டிவிடுவேன். பிறகு கேட்க வருகிறவர்களிடம், கட்டியாகிவிட்டது என்று உண்மையையே சொல்லலாம். மருத்துவச் செலவுக்குக் கேட்டால் மட்டும் கொடுப்பது என்று மாமியாரும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். அதைக்கூடத் திரும்ப வராது என்று மனதில் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் கொடுத்தோம்.

மணியார்டர் எப்போதும் நாள் தவறாமல் வரும் என்று நம்பிக் குடும்பம் நடத்தக் கூடாது. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தபோது பேருந்து இல்லை, கடை இல்லை. ஊர் அப்படியே நின்றுபோனது. எங்களுக்குத் தபாலும் வரவில்லை. எங்கள் வீட்டுக் குதிரில் சோளமும் கம்பும் இருந்தன, பானையில் புளியும் வற்றலும் இருந்தன, பிள்ளைகள் பசியறியவில்லை. இரண்டு மாதம் வருமானமே வராவிட்டாலும் அடுப்பு எரிய வேண்டும் என்பது மாமியார் வைத்திருந்த கணக்கு. அது பர்மாச் சண்டைக் காலத்தில் அரிசி கிடைக்காமல் கிழங்கும் கேழ்வரகுக் கூழுமாகக் காலம் தள்ளியவரின் கணக்கு. இன்று குதிர் இல்லை. இரண்டு மாதச் செலவுக்கான பணம் மனைவியின் பெயரில் தனியாக இருந்தால் அதுவே குதிர்.

கடிதம்தான் எங்களுக்கு இருந்த ஒரே வழி. எண், ரேங்க், பெயர், பிரிவு, பிறகு பட்டாளத்துத் தபால் நிலையத்தைக் குறிக்கும் 56 ஏ.பி.ஓ. என்று எழுதினால் போய்ச் சேரும். எந்த ஊர் என்பது முகவரியில் இருக்காது, அவரும் எழுத மாட்டார். ஒரே நாளில் மூன்று கடிதம் வரும், பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் வராது. பின்னால் எழுதியது முன்னால் வந்து நிற்கும். என் கணவர் ஒரு யோசனை சொன்னார். இரண்டு பேரும் கடிதத்தின் மூலையில் வரிசை எண் போட வேண்டும். கிடைத்த கடிதத்தின் எண்ணைப் பதிலில் குறிப்பிட வேண்டும். அதனால் எது வழியில் நிற்கிறது, எது தொலைந்தது என்று தெரிந்தது. பதில் வராததற்குக் காரணம் கடிதம் கிடைக்காததுதான் என்று தெரிந்தாலே பாதிக் கவலை போய்விடும். முக்கியமான செய்தியை அடுத்தடுத்து இரண்டு கடிதத்திலும் எழுதுவோம்.

என்ன எழுதுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே எழுதினால் அவர் நம்ப மாட்டார். நம்பாத மனம் தானாக நூறு கற்பனை செய்யும். மகனுக்குக் காய்ச்சல் என்றால், காய்ச்சல் இறங்கிய பிறகு, இன்ன நாள் வந்தது, இன்ன மருந்து கொடுத்தோம், இன்று இட்லி தின்றான் என்று முழுமையாக எழுதினேன். கண்ணிவெடி மேல் கை வைத்திருக்கிற மனிதரிடம், முடிவு தெரியாத ஒரு கவலையைக் கொடுத்துவிடக் கூடாது என்பதே காரணம். அவர் முடிவு சொல்லியே ஆக வேண்டிய விஷயத்தை மட்டும் கேள்வியாக எழுதினேன். மற்றவற்றை, இப்படிச் செய்துவிட்டேன் என்று தகவலாக எழுதினேன். மகனின் காலை இன்லேண்டு தாளின் மேல் நிற்க வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து ஒருமுறை அனுப்பினேன். அவன் கூச்சத்தில் விரலை மடக்க மடக்க, மகள் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். அந்த அளவை வைத்து அவர் அடுத்த லீவில் சென்னையில் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் கால் வளர்ந்துவிட்டது. செருப்பைக் கொழுந்தனார் மகன் போட்டுக்கொண்டான். தாளை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.

செய்தி கேட்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். காலை 7.15 மணிக்கு டெல்லியிலிருந்து வரும் ஆகாசவாணிச் செய்தி, இரவில் லண்டனிலிருந்து வரும் பி.பி.சி. தமிழோசை, நடுவில் டீக்கடையில் வாசிக்கும் பத்திரிகை, அவற்றுக்கு நடுவே ஊர் வாய் என்று, கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் முழுவதும் கேட்கலாம். முதல் மாதத்தில் நான் இரண்டு வானொலிச் செய்தியையும் விடாமல் கேட்டேன். யாழ்ப்பாணம் என்ற சொல் வந்தாலே சோறு இறங்கவில்லை. பிறகு மாமியார் சொன்னபடி காலைச் செய்தி மட்டும் என்று வைத்துக்கொண்டேன். இரவில் கேட்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, தூக்கம்தான் போகும். காலையில் கேட்டால் வேலை இழுத்துக்கொண்டு போய்விடும். செய்தியில் சொல்லும் எண்ணிக்கையில் யார் யார் என்பது இருக்காது. அது வீட்டுக்குத் தந்தியாகத்தான் வரும், அதுவும் அதிகாரப்பூர்வமாக மட்டுமே வரும் என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இன்றைய பெண்களுக்கு இது இன்னும் கடினம், ஏனென்றால் வாட்ஸாப் இரவு பகல் பார்க்காது. அனுப்பியவர் யார் என்று தெரியாத குரல் பதிவையும் படத்தையும் திறக்கவே வேண்டாம் என்றும், கணவர் எங்கே இருக்கிறார், எப்போது நகர்கிறார் என்பதைக் குடும்பக் குழுவில்கூடப் போட வேண்டாம் என்றும் நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

அந்த ஆண்டுத் தீபாவளி யாழ்ப்பாணச் சண்டையின் நடுவில் வந்தது. கொண்டாட எனக்கு மனம் இல்லை. மாமியார் விடியற்காலையில் எழுந்து எண்ணெய் காய்ச்சி, பிள்ளைகளை மணையில் உட்கார வைத்துவிட்டார். "அப்பன் இல்லாத வருசம்னு இதுகளுக்கு ஞாபகம் இருக்கக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு எந்தப் பண்டிகையையும் நாங்கள் நிறுத்தவில்லை.

எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது ஊர்ப் பேச்சு. மற்ற போர்களில் போனவர்களின் மனைவிக்கு ஊர் முழுவதும் துணை நிற்கும். எங்களுக்கு அப்படி இருக்கவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத் தமிழர்களுக்காகக் கண்ணீர் விட்ட ஊர் இது. கடையடைப்பும் ஊர்வலமும் நடத்திய மதுரை இது. அந்த மக்கள் இருக்கும் மண்ணுக்குத் துப்பாக்கியோடு நம் ஆள் போயிருக்கிறான் என்று பலருக்கு உண்மையாகவே மனம் வலித்தது, அதில் எனக்கும் பங்கு உண்டு. டீக்கடையைக் கடக்கும்போது என் காதில் விழும்படி பேசுவார்கள். நான் ஒருநாளும் நின்று வாதாடியதில்லை. சண்டை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய கடமை, உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போனவனின் மனைவிக்குக் கிடையாது; "அவர் உசுரோட திரும்பணும், அங்க இருக்கிற சனமும் உசுரோட இருக்கணும்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை என்று இருந்துவிட்டேன். பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பதிலைக் கற்றுக் கொடுத்து அனுப்ப வேண்டும். என் மகளைப் பள்ளியில் ஒருவன், "உங்கப்பா நம்ம ஆளுங்களையே சுடுறாராமே" என்று கேட்டுவிட்டான். அவள் அழுதுகொண்டு வந்தாள். "எங்கப்பா குண்டைத் தோண்டி எடுக்கிறவர்" என்று சொல்லச் சொன்னேன். அது உண்மை; எட்டு வயதுப் பிள்ளை நிமிர்ந்து நின்று சொல்லக்கூடிய உண்மை. மறுநாள் வகுப்பு ஆசிரியையையும் நேரில் பார்த்துப் பேசினேன். அந்த அம்மா மகளை முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

1988இல் மகனுக்கு வாந்தியும் பேதியுமாகி, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சில நாள் தங்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் அகதி முகாமிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, தன் மகளோடு இருந்தாள். என் வயதுதான் இருக்கும். வெந்நீர் வாங்க மாறி மாறிப் போவோம். ஒருத்தி போனால் மற்றவள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். "என்ர மனிசன் எங்க எண்டே தெரியேல்ல" என்று சொன்னவள், என் கணவர் எங்கே என்று கேட்டாள். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மகளின் போர்வையைச் சரிசெய்துவிட்டு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அன்று இரவு எங்களுக்குள் பேச்சில்லை. விடியும் முன் மகன் மறுபடி வாந்தி எடுத்தான். நான் அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தடுமாறியபோது, அவள் எழுந்து வந்து வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி, கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நாங்கள் வீடு திரும்பிய அன்று, அவள் பிள்ளைக்கு ஒரு பாக்கெட் ரொட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன். அவள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய கணவர் திரும்பி வந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆண் இல்லாத வீடு என்று தெரிந்தால் வரப்பு நகரும். எங்கள் நிலத்தின் தென்பக்கத்தில் பங்காளி ஒருவர் உழவின்போது வரப்பைச் சேர்த்து உழுதுவிட்டு, அது தன் நிலம் என்று திருமங்கலம் முன்சீப் கோர்ட்டில் வழக்கும் போட்டார். பலருக்குத் தெரியாத ஒரு சட்டத்தை இங்கே சொல்ல வேண்டும். 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. போர்ச்சூழலிலோ கடல் கடந்தோ பணியில் இருக்கும் வீரர் ஒரு வழக்கில் கட்சிக்காரராக இருந்து, அவரால் நேரில் வர முடியாவிட்டால், மாவட்ட ஆட்சியர் அதை நீதிமன்றத்துக்குச் சான்றளித்துத் தெரிவிக்கலாம். அவர் இல்லாத நேரத்தில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடாதபடி வழக்கை நிறுத்தி வைக்க அதில் வழி உண்டு. என் கணவர் தம் கமாண்டிங் ஆபீசர் வழியாக ஆட்சியருக்கு எழுதினார். நான் அதே விவரத்தை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்தேன். வழக்கு அவர் வரும்வரை நின்றது. நடுவில் நான் சும்மா இருக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா நகல் வாங்கினேன், சர்வேயருக்குப் பணம் கட்டி அளக்க வைத்தேன், கல் நட்டேன். அளக்கும் அன்று பங்காளி வீட்டுப் பெண்களையும் வரவழைத்து, அவர்கள் கண் முன்னால் சங்கிலியைப் பிடிக்கச் சொன்னேன். பெண்கள் பார்த்துவிட்டால் பிறகு வீட்டுக்குள் பொய் சொல்வது கடினம்.

தந்திக்காரர் எங்கள் தெருவுக்குள் ஒருமுறை வந்தார். தந்தி எனக்கு வந்ததில்லை. நாலு வீடு தள்ளி இருந்த, எனக்கு நாத்தனார் முறையாகும் பெண்ணுக்கு. அவள் கணவர் கண்ணிவெடியில் ஒரு காலை இழந்து, புணே இராணுவ மருத்துவமனையில் இருப்பதாக இருந்தது. அவள் புரண்டு அழுதுகொண்டிருந்தபோது, செய்ய வேண்டியவற்றை நாங்கள் செய்தோம். தந்தியில் இருந்த எண்ணையும் பிரிவையும் கணவரின் காகிதத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்துகொண்டோம். குடும்ப அடையாள அட்டை, கல்யாணப் புகைப்படம், அவருடைய கடைசிக் கடிதம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டோம். இந்தி தெரிந்த ஓய்வுபெற்ற ஜவான் ஒருவரைத் துணைக்கு அனுப்பினோம். அவள் பிள்ளைகளை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். அழுதுகொண்டே இருக்கும் கூட்டத்தில் பயணச் சீட்டு வாங்க ஒருவர் வேண்டும். அவர் யார் என்பதை முன்பே மனதில் முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். புணேயில் இருக்கும் செயற்கை உறுப்பு மையத்தில் அவருக்குக் கால் பொருத்தினார்கள். ஊருக்கு வந்து கடை வைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றினார்.

1990 மார்ச் 24 அன்று இந்திய அமைதி காக்கும் படையின் கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரோடு திரும்பவில்லை. என் கணவரின் பிரிவு அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வந்துவிட்டது. பந்தல் போட்டு வரவேற்கும் மனநிலையில் அப்போது தமிழ்நாடு இல்லை. அவரும் யாரும் வரவேற்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது, அவர் வண்டித்தடத்திலேயே நடந்தார். ஓரத்து மண்ணில் கால் வைக்கவில்லை. மகள்தான் அதை முதலில் கவனித்தாள். புதிதாகத் தோண்டி மூடிய மண்ணைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார். குடத்தை யாராவது சத்தமாக இறக்கினால் கை நடுங்கும். அதற்கு என்ன செய்வது என்று சொல்லித்தர அன்று எங்கள் பக்கம் யாரும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அங்கே என்ன நடந்தது, எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். என் அண்ணனிடமும் சொன்னேன்; அவருக்குக் கோபம் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். நான் எதையும் கேட்கவில்லை. வயலுக்கு மட்டும் கூடப் போனேன். பல ஆண்டுகள் கழித்துத்தான், அதுவும் துண்டு துண்டாக, தம்மோடு இருந்து இறந்துபோன ஒரு தம்பியைப் பற்றிச் சொன்னார். இப்போது போய்வருகிறவர்களுக்கு இராணுவ மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் உண்டு. தூக்கம் இல்லாமை, எரிச்சல், குடி என்று நீண்டால் குடும்ப மானம் என்று மறைக்காமல் அழைத்துப் போக வேண்டும்.

ஊர் திரும்பிய முதல் மாதத்தில் நான் பாஸ்புக்கையும் பெட்டிச் சாவியையும் அவர் முன்னால் வைத்தேன். "உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். மகன் அவரைப் பார்த்ததும் பாட்டி பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அவர் அதற்கு வருத்தப்படாமல் தினமும் அவனைக் கிணற்றுக்குக் குளிக்க அழைத்துப் போனார். நிலவழக்கை அவரே நடத்தி முடித்தார். கணக்கு மட்டும் என்னிடமே இருந்தது, இன்றுவரை என்னிடமே இருக்கிறது.

போன மாதம் எங்கள் ஊர் மருமகள் ஒருத்தி வந்திருந்தாள். கணவர் தெற்கு சூடானுக்குப் போகிறார். இரண்டாவது குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. குழந்தை பெயரை அவர் தம் பிரிவில் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார், ஆனால் பார்ட் டூ ஆர்டர் நகல் கையில் இல்லை. பிறப்புச் சான்றிதழில் அவளுடைய பெயர் ஆதாரில் இருப்பதுபோல் இல்லை. வரும் திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு முதலில் பேரூராட்சி அலுவலகத்துக்கும், பிறகு மதுரையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் போகிறோம். அவர் விமானம் ஏறுவதற்கு முன்பு நகல் அவள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவரிடம் போனில் நானே சொல்லியிருக்கிறேன்.